வீட்டு முகப்பூச்சும் அறமும்

நாம் கற்பிக்கும் பாடசாலை வடபுலத்துக் கிராமம் ஒன்றிலே இருக்கின்றது. அங்கே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி, 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சவர்க்காரமும் ஷாம்புவும் ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத விலைக்கு ஏறியபோது, வீட்டிலே தலையெண்ணெயும் முகப்பூச்சும் செய்யப் பழகிக்கொண்டாள். நெருக்கடி சற்றுத் தணிந்த பின்னரும் அவள் அதனைக் கைவிடவில்லை. சிறு போத்தல்களில் அடைத்துத் தோழியருக்கு விற்றாள்; அந்தப் பணத்திலேயே கொப்பிகள் வாங்கினாள், தனியார் வகுப்புக் கட்டணமும் செலுத்தினாள். அரிசி கழுவிய நீர், கற்றாழைச் சோறு, மஞ்சள், தேசிக்காய்ச் சாறு, சிறிது தேங்காயெண்ணெய் ஆகியன அவளுடைய முகப்பூச்சின் சேர்மானங்கள். போத்தலின்மேல் ஒட்டிய கடதாசியில் இரண்டு வரிகள் எழுதியிருந்தாள்: ‘முகம் வெளுக்கும். இரசாயனம் அற்றது.’

அதனை வாங்கிப் பூசிக்கொண்டு மதிய வெயிலில் வீடு திரும்பிய மாணவி ஒருத்தியின் முகம் சிவந்து கொப்புளித்தது. தேசிக்காய்ச் சாறும் வெயிலும் சேர்ந்ததே காரணம் என்று வைத்தியர் கூறினார். கொப்புளம் ஆறியது, ஆனால், அது இருந்த இடத்திலே கரிய மாசு மாதக்கணக்காக நின்றது. வெளுப்பதற்கெனப் பூசியது கறுப்பை விட்டுச் சென்றது.

முறைப்பாடு ஆசிரியர் அறைக்கு வந்தது. அவளைத் தண்டித்து விற்பனையைத் தடைசெய்ய வேண்டுமென்றார் ஒருவர். கோடி கோடியாக இலாபம் ஈட்டும் கம்பனிகளை விட்டுவிட்டு ஓர் ஏழைப் பிள்ளையின் போத்தலைப் பிடித்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டார் மற்றொருவர். நம்முடைய மனம் இரண்டாமவர் பக்கமே சாய்ந்தது. ஆயினும் மாணவியை அழைத்து விசாரித்தபோது அவள் கூறிய விடை நம்மைத் தடுத்து நிறுத்தியது.

“ரீச்சர், இதுக்குள்ள ஒரு கெமிக்கலும் இல்லை. எல்லாம் வீட்டுச் சாமான். இது எப்பிடிப் பிழைக்கும்?”

அவள் பொய் கூறவில்லை, நம்பியதையே கூறினாள். அந்த நம்பிக்கை அவளுக்கு மட்டும் உரியதன்று. கற்றோர், கல்லாதோர் என்ற வேறுபாடின்றி நம்மிற் பலரும் அதையே நம்புகின்றோம். ஆகவே எழும் வினா இதுதான்: தீங்கு செய்யும் எண்ணம் சிறிதுமின்றி, நல்லதென்று நம்பி ஒருவர் செய்து கொடுத்த பொருள் பிறருக்குத் தீங்கு விளைக்குமாயின், அதற்கு அவர் எவ்வளவு பொறுப்பாளி? வீட்டிற் செய்தது, இயற்கையானது, மரபிலே வந்தது என்னும் சொற்கள் அப்பொறுப்பைக் குறைக்குமா?

முதலில் ‘இரசாயனம் அற்றது’ என்பதை நோக்குவோம். உலகில் அத்தகைய பொருள் எதுவுமில்லை. நீரே ஓர் இரசாயனச் சேர்வை. மஞ்சளின் நிறம் குர்க்குமின் என்னும் சேர்வையால் ஆயது. சீயக்காய் நுரைப்பதற்குச் சப்போனின் என்னும் பொருள் காரணம். சீயக்காய் கண்ணிற் பட்டால் எப்படி எரியும் என்பதை அறியாதார் நம்மில் இல்லை. ‘இரசாயனம் அற்றது’ என்போர் உண்மையிற் கூற விரும்புவது, ‘தொழிற்சாலையில் ஆகாதது, ஆதலால் தீங்கற்றது’ என்பதையே. இந்த ‘ஆதலால்’ என்ற சொல்லிலேதான் பிழை நுழைகின்றது. ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு அது என்ன செய்யும் என்பதை முடிவுசெய்ய முடியாது. பிறப்பைக் கொண்டு மனிதரின் தகுதியை அளப்பதை எதிர்த்துவரும் நாம், பொருள்களின் விடயத்தில் மட்டும் பிறப்பை நம்பி ஏமாறுவது விந்தையே.

தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் பியூரனோகூமரின் என்னும் வகையைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. அவை தோலிற் பட்டிருக்கையில் வெயிலின் ஊதாக் கடந்த கதிர்கள் விழுமாயின் எரிகாயம் போன்ற புண் உண்டாகும். இதற்குத் தொழிற்சாலை எதுவும் வேண்டியதில்லை. ஒரு தேசி மரமும் நமது நாட்டு வெயிலுமே போதும். ஆடைகளுக்குக் குறியிடச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திவந்த சேங்கொட்டையின் பாலும் முற்றிலும் இயற்கையானதே. அதுவும் தோலைச் சுட்டுப் புண்ணாக்க வல்லது. அதைக் கையாண்டோர் அதன் குணம் அறிந்தே கையாண்டனர். மரபின் மெய்யான பெருமை இங்கேதான் இருக்கின்றது. முன்னோர் இயற்கையை நம்பியிருந்தார்கள் என்பதில் அன்று. அதனைச் சோதித்து, அஞ்சவேண்டியதற்கு அஞ்சி, அளவறிந்து பயன்கொண்டார்கள் என்பதிலேயே அது தங்கியுள்ளது.

அடுத்தது நீர். எண்ணெயில் ஊறிய ஊறுகாய் மாதக்கணக்கில் நிற்கும், நேற்று வடித்த சோறு இன்று புளிக்கும் என்பதை எந்த வீட்டுச் சமையலறையும் அறியும். முகப்பூச்சுக்கும் விதி இதுவே. நீர் கலவாத தைலமும் மெழுகுப் பூச்சும், உலர்ந்த சுத்தமான போத்தலில் இருக்குமாயின், எளிதிற் பழுதடையா; காலப்போக்கிற் காறல் ஏறும், அவ்வளவே. ஆனால் அரிசிக் கழுநீரும் கற்றாழைச் சோறும் சேர்ந்த கணமே அப்பூச்சு சோற்றின் இனத்தைச் சேர்ந்ததாகிவிடுகின்றது. பற்றீரியாவும் பங்கசும் வளர்வதற்கு வேண்டிய நீரும் உணவும் அதில் உண்டு. மணமும் நிறமும் மாறுவதற்கு முன்னரே அவை பெருகிவிடக்கூடும். விற்றமின் ஈ சேர்த்தாற் கெடாது என்று பலர் கருதுகின்றனர். அது எண்ணெய் காறுவதைத் தாமதப்படுத்துமேயன்றி நுண்ணுயிர்களைக் கொல்லாது. நீர் கலந்த பூச்சை அன்றன்று செய்து அன்றன்றே பயன்படுத்தவேண்டும். அன்றேல், தகுந்த காப்புப் பொருளைத் தகுந்த அளவிற் சேர்க்கவேண்டும். கம்பனிகளின் குற்றங்கள் பலவாயினும் காப்புப் பொருள் சேர்ப்பது அவற்றுள் ஒன்றன்று. எந்தப் பொருளை எந்த அளவிற் சேர்ப்பது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ‘காப்புப் பொருள் அற்றது’ என்று பெருமை பேசி நீர்ப்பூச்சை மாதக்கணக்கில் வைத்து விற்பவர், ஊசிப்போன சோற்றைப் புதுச்சோறென்று பரிமாறுபவரே ஆவார்.

இனி மரபுக்கு வருவோம். ‘பாட்டி வைத்தியம்’ என்று இன்று புகழப்படும் அறிவு யாருடைய அறிவு என்ற வினாவையும் நாம் எழுப்பவேண்டும். தொழிற்சாலைச் சவர்க்காரம் வருமுன் நமது சமுதாயத்தின் அழுக்கை நீக்கியது காரம். அடுப்புச் சாம்பலில் உள்ள பொற்றாசியம் காபனேற்றும் உவர்மண்ணில் உள்ள சோடியம் காபனேற்றும் அந்த வேலையைச் செய்தன. காரத்தில் தோய்த்த துணியை வெள்ளாவியில் வைத்து, நீராவியின் வெப்பத்தால் எண்ணெய்ப் பசையைப் போக்கினர். எந்த நிலத்து உவர் எவ்வளவு வேண்டும், எத்தனை நாழிகை அவிக்கவேண்டும், துணி இற்றுப்போகாமல் அழுக்கு மட்டும் போவது எப்படி என்பவை யாவும் நுட்பமான இரசாயன அறிவு. அந்த அறிவை உடையவர்களையே நமது சமுதாயம் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைத்தது. அழுக்கை ஆக்கியவன் சுத்தன், அழுக்கை நீக்கியவன் அசுத்தன் என்றது நமது சாதியமைப்பு. வெளுத்த வேட்டியை உடுத்தியவன் ஆலயத்துள்ளே சென்றான். வெளுத்துக் கொடுத்தவன் வெளியே நின்றான். 1960களின் பிற்பகுதியிலும் அந்தக் கதவுகளைத் திறப்பதற்கு ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. மரபைப் போற்றுபவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்தே போற்றுகிறார்களா, அல்லது அறிவை எடுத்துக்கொண்டு அறிந்தவரை மறந்துவிடுகிறார்களா?

மரபைப் பற்றிய மற்றொரு மயக்கமும் உண்டு. 1990ஆம் ஆண்டிலிருந்து பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்து மக்கள் வாழ்ந்த காலத்தில் சவர்க்காரம் கிடைப்பது அரிதாயிற்று. நமது தாய்மார் பனம்பழக் களியைக் கொண்டு உடுப்புத் தோய்த்தனர். அந்த நினைவு நமக்குப் பெருமை தருவதே. ஆனால் அவர்கள் அதனை இயற்கைக்குத் திரும்பும் இயக்கம் என்று எண்ணிச் செய்யவில்லை; வேறு வழியின்றியே செய்தார்கள். சவர்க்காரம் மீண்டும் வந்தபோது மகிழ்ச்சியுடன் வாங்கினார்கள். தட்டுப்பாட்டிலே பிறந்த அறிவு மதிக்கத்தக்கது, தட்டுப்பாடு மதிக்கத்தக்கதன்று. தேங்காய் துருவி, பால் பிழிந்து, எண்ணெய் காய்ச்சி, இலை அரைத்து, வடித்தெடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே விழுகின்றது. அந்த உழைப்புக்குக் கூலி இல்லாதபடியால் ‘வீட்டிற் செய்தால் செலவில்லை’ என்கின்றோம். செலவு உண்டு, கணக்கிலே எழுதப்படவில்லை.

அப்படியாயின் வீட்டிலே செய்வதே தவறா? நாம் அவ்வாறு கூறவில்லை. சவர்க்காரத்தின் வரலாறு இங்கே நமக்கு வழிகாட்டுகின்றது. பிரான்சிலே நிக்கொலா லெபிளாங் 1791ஆம் ஆண்டில் கறியுப்பிலிருந்து சோடாக்காரம் ஆக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். கொழுப்பு காரத்துடன் சேரும்போது நிகழ்வது என்ன என்பதை மிசேல் செவ்ரல் 1823ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதுவரை கைக்குறியாக இருந்த தொழில் கணக்காயிற்று. கணக்காகியதனால் எவரும் கற்கத்தக்கதாயிற்று. ஒரு கிலோகிராம் தேங்காயெண்ணெய் முழுவதையும் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 183 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும். வீட்டிலே செய்வோர் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து 174 கிராம் அளவில் இடுவர். சிறிது எண்ணெய் எஞ்சினாற் கேடில்லை. காரம் எஞ்சினால் தோல் எரியும். காரத்தைச் சிறிது சிறிதாக நீரில் இடவேண்டுமேயன்றி நீரைக் காரத்தின்மேல் ஊற்றலாகாது. கொதித்தெழுந்து முகத்திலே தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்குமாதலால் அது ஆகாது. கண்ணுக்கும் கைக்கும் காப்பு வேண்டும். வார்த்தெடுத்த கட்டிகளை நான்கு வாரமளவிற் காற்றாட வைத்தல் நன்று.

இவற்றை வெறும் செய்முறைக் குறிப்புகள் என்று நாம் கருதவில்லை. இருபது கிராம் கூடினால் பிறரொருவரின் தோல் எரியும் என்று அறிந்து தராசை எடுப்பவர், காரத்தோடு தமது பொறுப்பையும் சேர்த்தே நிறுக்கின்றார். அவரிடம் அன்பும் இருக்கலாம். ஆனால் அன்பு காரத்தை நடுநிலையாக்காது. செய்பவரின் நல்லெண்ணம் அவருடைய மனத்துக்குள் நிற்பது. போத்தலுக்குள் இருப்பதோ மற்றவரின் உடலுக்குச் செல்வது. பிறர் உடலைத் தொடும் பொருளைச் செய்பவருக்கு அதனை அறிந்து செய்யும் கடமை உண்டு. அறியாமை, அறிய வழியில்லாதவரிடத்தில் மட்டுமே மன்னிப்புக்குரியது.

இதுவரை பொருளைப் பற்றிப் பேசினோம். போத்தலின் மேலிருந்த மற்றைய வரியோ இதனினும் பாரதூரமானது: ‘முகம் வெளுக்கும்.’ இந்தியாவிலே 1975ஆம் ஆண்டில் ‘பெயார் அன்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு விற்பனைக்கு வந்தது. நிறவெறிக்கெதிரான குரல் உலகெங்கும் எழுந்த 2020ஆம் ஆண்டில் அதன் பெயர் ‘குளோ அன்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது. பெயரை மாற்றுதல் எளிது. வெளுக்க வேண்டும் என்ற ஆசையைப் பயன்படுத்திக் கள்ளத்தனமாக விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. அது தோலிலே கருநிறப் பொருள் உண்டாவதைத் தடுக்கின்றது. கூடவே சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கின்றது. 2013ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுப் பூச்சுகளை 2020ஆம் ஆண்டுடன் ஒழிக்க வேண்டுமென விதித்தது. ஆயினும் அத்தகைய பூச்சுகள் பல நாடுகளிற் பின்னரும் அகப்பட்டே வந்துள்ளன. வாங்குவோர் இருக்கும்வரை விற்போரும் இருப்பர்.

வாங்குவோர் ஏன் வாங்குகின்றனர்? கறுப்பு என்பது வெயிலில் உழைப்போரின் நிறம். வெங்காயத் தோட்டத்திலே குனிந்து நிற்கும் பெண்ணின் நிறம் அது. மலைநாட்டிலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிறம் அது. உழைப்பை இழிவாகக் கருதும் சமுதாயம் உழைப்பின் நிறத்தையும் இழிவாகக் கருதுகின்றது. மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று அச்சிடும்போது அந்தக் கருத்தே அச்சேறுகின்றது. ஊதாக் கடந்த கதிர்களிலிருந்து தோலைக் காக்கும் கருநிறப் பொருள் நமது நாட்டு வெயிலுக்கு உடல் தானே ஆக்கிக்கொண்ட கவசம் என்பதை உயிரியல் ஆசிரியர் கற்பிக்கின்றார். அதே வகுப்பிலிருந்து எழுந்து செல்லும் பிள்ளை, அந்தக் கவசத்தைக் கழற்றுவதற்குப் பணம் சேர்க்கின்றாள்.

ஆகவே அந்தப் போத்தலில் இரண்டு பண்டங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று பூச்சு, மற்றையது ‘உன் முகத்திற் குறை உண்டு’ என்னும் வெட்கம். பெரிய கம்பனி முதலில் வெட்கத்தை விற்று, அதன்பின் பூச்சை விற்கின்றது. நம்முடைய மாணவி பூச்சை மட்டும் மாற்றினாள். வெட்கத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். தொழிற்சாலையின் இடத்திலே சமையலறை வந்தது. பொய் இடம் மாறவில்லை. சந்தையிலிருந்து விடுதலை பெற்றுவிட்டோம் என்று வீட்டு உற்பத்தியைக் கொண்டாடுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். சந்தையின் பண்டத்தை மறுத்தும் சந்தையின் மதிப்பீட்டை ஏற்றிருப்பவர் இன்னும் சந்தைக்குள்ளேயே நிற்கின்றார்.

மாணவியின் கதையை முடித்துவிடுவோம். தண்டனை எதனையும் நாம் பரிந்துரைக்கவில்லை. இரசாயனவியல் ஆசிரியருடன் சேர்ந்து அவளைச் சில மாலை வேளைகளில் ஆய்வுகூடத்தில் இருத்தினோம். தேசிக்காய்ச் சாற்றின் பி.எச். பெறுமானம் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்டது. தோலின் மேற்பரப்போ ஐந்தை அண்டியது. தாள் சிவந்ததைக் கண்டு அவள் வாயடைத்து நின்றாள். அமிலமும் காரமும் அவள் அறியாதவை அல்ல. பரீட்சைக்காகப் படித்துப் புள்ளியும் பெற்றவள். அந்தப் பாடம் தன் போத்தலைப் பற்றியது என்பதை மட்டும் எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அப்போது நமக்கு ஒன்று புலப்பட்டது. அறிய வழியிருந்தும் அவள் அறியாதிருந்தாள் என்றால், அந்த வழியை அடைத்து வைத்திருந்தவர்களில் நாமும் இருந்தோம். அவளுடைய பொறுப்பை எடைபோடத் தொடங்கிய நாம் நமது பொறுப்பையும் அதே தட்டில் வைக்க வேண்டியவரானோம்.

அவள் முகப்பூச்சை நிறுத்தினாள். நோயுற்ற தோழியிடம் சென்று மன்னிப்புக் கேட்டுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தாள். தலையெண்ணெயை மட்டும் தொடர்ந்தாள். தேங்காயெண்ணெய் மயிரினுள்ளே ஊறி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கின்றது என்று 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியுள்ளது. நம் முன்னோரின் பழக்கத்துக்கு அது நியாயமான சான்று. ஆனால் எண்ணெய் பூசினால் முடி வளரும் என்பதற்கு அது சான்றாகாது. ஆகவே அவள் புதிய கடதாசி எழுதினாள். உள்ளே இருப்பவை தேங்காயெண்ணெயும் ஈரமின்றி உலர்த்திய செவ்வரத்தம் பூவும், செய்த திகதி இது, முழங்கைக்கு உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கவும், மயிரை மென்மையாக்கும், முடியை வளர்க்காது.

எழுதி முடித்தவுடன் அவள் நம்மைக் கேட்டாள்: “ரீச்சர், உண்மையை எழுதினால் ஆர் வாங்குவினம்?”

பலர் வாங்கவில்லை. முன்பு வாங்கியவர்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே இப்போது வாங்குகின்றனர். உண்மைக்கு விலை உண்டு. அந்த விலையை வசதியுள்ள கம்பனி செலுத்தவில்லை, தனியார் வகுப்புக் கட்டணத்துக்கு வழிதேடிய ஓர் ஏழை மாணவி செலுத்தினாள். இதிலே உள்ள அநீதியை மறைத்துவிட்டு ‘வாய்மையே வெல்லும்’ என்று அவளுக்கு உபதேசம் செய்ய நமக்கு வாய் வரவில்லை. பிறர் உடலுக்குப் பொறுப்பாக இரு என்று அவளிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அவ்வுரிமையோடு ஒரு கடனும் வருகின்றது. ஒரு பிள்ளை தன் படிப்புச் செலவுக்காக மற்றொரு பிள்ளையின் வெட்கத்தை விற்கவேண்டிய நிலை இருக்கும்வரை, போத்தலின்மேல் உண்மை எழுதும் வேலை அவளுடையதாக மட்டும் இருத்தல் ஆகாது.

ஆசிரியர்களாகிய நாம் தொடங்கத்தக்க இடம் சிறியதே. அமிலத்தையும் காரத்தையும் கற்பிக்கும்போது தேசிக்காயையும் சவர்க்காரத்தையும் மேசைமேல் வைக்கலாம். உவர்மண்ணைப் பற்றிப் பேசும்போது அதனை அறிந்திருந்தவர்கள் எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் கூறலாம். வகுப்பறையிலே ‘கறுப்பி’ என்று ஒருத்தி அழைக்கப்படுகையில் கேளாதவர்போல் இராது விடலாம். நம்முடைய மாணவி இப்போது தன் போத்தலின் கீழே இன்னொரு வரியையும் சேர்த்திருக்கிறாள். அதனை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘ஏதும் பிழை வந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்’ என்பதே அவ்வரி.